தேக்கிய வெயில்: பாலைநகரொன்றின் மின்சேமிப்பும் பங்கீட்டு நீதியும்

ஈகையைப் பற்றி ஒழுக்கவியல் நூல்கள் நிறையப் பேசியுள்ளன. சேமிப்பைப் பற்றி அவை பேசியது குறைவு. பேசிய இடத்தும் சேமிப்பவனுடைய குணத்தையே, அவன் சிக்கனமுடையவனா உலோபியா என்பதையே, பெரிதும் ஆராய்ந்தன. சேமிக்கப்பட்ட பொருள் யாருக்கு உரியது, அது போதாதவிடத்து யார் முதலிற் பெறவேண்டும், அம்முறையை வகுக்கும் உரிமை எவருடையது என்னும் வினாக்கள் பொருளியலாருக்கும் நிருவாகிகளுக்கும் விடப்பட்டன. வெப்பப் பாலைநிலங்களில் எழுந்துள்ள பெருநகரங்கள் பகல் வெயிலை மின்சாரமாக்கி, அதனை மின்கலவடுக்குகளிலே தேக்கி, இரவிற் பயன்படுத்தத் தொடங்கியிருப்பது இவ்வினாக்களை மீண்டும் மெய்யியலார் முன் கொண்டுவந்து நிறுத்தியுள்ளது. இம்முயற்சி பெரும்பாலும் பொறியியற் செய்தியாகவே எழுதப்படுகின்றது. அதனுள் பொதிந்துள்ள ஒழுக்கவியற் சிக்கலை, ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபு பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். அம்மரபிலே பாலை கடந்து செல்வதற்குரிய இடம், குடியிருப்பதற்குரியதன்று. பீனிக்ஸோ சொனோரன் பாலைநிலத்தின் நடுவே ஏறத்தாழ 16 இலட்சம் மக்கள் நிலையாகக் குடியிருக்கும் நகரம். அதனைச் சூழ்ந்த மரிக்கோப்பா மாவட்டம் முழுவதையும் சேர்த்தால் இத்தொகை 45 இலட்சத்தை எட்டும். 2023 ஆம் ஆண்டு யூன் 30 முதல் யூலை 30 வரை 31 நாட்கள் தொடர்ச்சியாக அங்கே பகல் வெப்பநிலை 43 பாகை செல்சியஸை எட்டியது அல்லது தாண்டியது. அதனினும் கொடியது இரவு. அவ் யூலையில் 16 நாட்கள் தொடர்ச்சியாக இரவின் மிகக் குறைந்த வெப்பநிலைகூட 32 பாகைக்குக் கீழே இறங்கவில்லை. பகலைப் பொறுத்த உடல் இரவிலே ஆறவேண்டும்; ஆறாத உடலே மறுநாள் வெயிலுக்கு இரையாகின்றது. ஆகவே இந்நகரில் மின்சாரம் வசதிப் பொருள் என்னும் நிலையைக் கடந்து, மூச்சுக்கு அடுத்தபடியான தேவையாகிவிட்டது எனல் மிகையன்று.

சூரிய மின்சாரத்தின் குறை யாவரும் அறிந்ததே. நண்பகலில் அதன் உற்பத்தி உச்சத்தை அடைகின்றது. நகரத்தின் தேவையோ பிற்பகலின் இறுதியிலும் மாலையிலுமே உச்சத்தை அடைகின்றது. சுவர்களும் தார் வீதிகளும் பகலெல்லாம் உண்ட வெப்பத்தை உமிழ்கின்ற நேரம் அது. வேலை முடிந்து வீடு திரும்பியோர் குளிரூட்டிகளை முடுக்கிவிடும் நேரமும் அதுவே. அவ்வேளையிலேதான் சூரியன் மறைகின்றது. நண்பகலில் மிஞ்சுவதை மாலைக்கு மாற்றுவதே மின்கலவடுக்கின் வேலை. சரக்குக் கொள்கலன்களை ஒத்த பெட்டிகள் வரிசை வரிசையாக நிற்க, ஒவ்வொன்றினுள்ளும் இலிதியம் அயன் கலங்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கும். இட்டது முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. நூற்றுக்கு 85 பங்கு அளவே மீளும். அமெரிக்காவில் அமைக்கப்படும் இத்தகைய நிலையங்கள் பல முழு வலுவில் 4 மணித்தியாலம் மட்டுமே வழங்குமாறு அமைக்கப்படுகின்றன. மாலை ஆறு மணிக்குத் திறந்துவிட்டால் இரவு பத்து மணிக்குக் கலம் வெறுமையாகிவிடும். இந்த எல்லையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் எழும் வாதங்களுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

கருவியின் இயல்பில் ஒரு முரணும் உளது. இலிதியம் அயன் கலம் ஏறத்தாழ மனிதர் விரும்பும் வெப்பநிலையையே தானும் விரும்புகின்றது. 20 முதல் 25 பாகை வரையில் அது நலமாயிருக்கும். மிகுந்த வெப்பத்தில் விரைவாக மூப்படையும். ஆகவே பாலைநிலத்தில் மக்களைக் குளிர்விக்கும் பொருட்டு மின்சாரத்தைத் தேக்கும் கலம், தேக்கியதில் ஒரு பகுதியைத் தன்னைக் குளிர்விக்கவே செலவிடுகின்றது. கவனக்குறைவுக்கு அது கடுந் தண்டனை விதிப்பதும் உண்டு. 2019 ஏப்பிரல் 19 ஆம் நாள் பீனிக்ஸை அடுத்த சேர்ப்பிறைஸ் நகரில் 2 மெகாவாற்று-மணி அளவான ஒரு சேமிப்பு நிலையத்தில் கலமொன்று கட்டுமீறிச் சூடேற, உள்ளே வாயுக்கள் திரண்டன. கதவு திறக்கப்பட்ட பின்னர் அவை வெடித்துத் தீயணைப்புப் படையினர் நால்வர் கடுங் காயமுற்றனர். அதன் பின்னர் கலங்களின் வெப்பநிலை, காற்றோட்டம், இடைவெளி ஆகியன பற்றிய நியமங்கள் இறுக்கமாயின. ஒரு கலம் எத்தனை பாகைக்கு மேற் செல்லலாகாது என்பது இன்று ஒவ்வொரு நொடியும் அளந்து காக்கப்படுகின்றது. இது வேண்டியதே. எனினும் அதே நகரத்திலே ஒரு கிழவரின் படுக்கையறை எத்தனை பாகைக்கு மேற் செல்லலாகாது என்பதை எவரும் இவ்வாறு கண்காணிப்பதில்லை என்பதையும் உடன் நினைத்தல் தகும்.

மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாதது. அதனை ஏந்தியவளுக்கு யாருக்கு முதலில் இடுவது என்னும் வினா பெரிய ஒழுக்கச் சிக்கலாக எழுவதில்லை. பிந்தி வந்தவனும் பசியாறுவான். அங்கு வேண்டுவது அருளுள்ளம் ஒன்றே. மின்கலவடுக்கு இதற்கு நேர்மாறான பாத்திரம். அதன் கொள்ளளவு முன்கூட்டியே எழுதப்பட்டுள்ளது. ஒருவருக்கு இட்டது மற்றொருவருக்கு இல்லாமற் போகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் டேவிட் ஹியூம் நீதி என்னும் குணம் எந்தச் சூழலில் தேவைப்படுகின்றது என்று ஆராய்ந்தபோது, எல்லாம் அளவின்றிக் கிடைக்குமிடத்தில் நீதிக்கு வேலையில்லை என்றார். கொடிய பஞ்சத்திலும் அது நிலைகுலையும். இரண்டுக்கும் இடைப்பட்ட மட்டான பற்றாக்குறையே நீதியின் நிலைக்களம் என்றார். பகலெல்லாம் அளவின்றிப் பொழியும் வெயிலை நான்கு மணித்தியாலக் கலத்துள் அடைக்கும் செயல், ஹியூம் கூறிய அச்சூழலை ஒவ்வொரு மாலையும் செயற்கையாகப் படைக்கின்றது எனலாம். வெயிலுக்குப் பங்கீடு தேவையில்லை. தேக்கிய வெயிலுக்குத் தேவை.

பீனிக்ஸ் நகரம் இவ்வினாவை முன்பொருமுறை நேர்நின்று சந்தித்தது. அக்காலத்தில் தேக்கப்பட்ட பொருள் நீர். சோல்ற் ஆற்றின் வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி அலைக்கழித்த அப்பள்ளத்தாக்கின் நிலவுடைமையாளர் 1903 இல் ஒரு சங்கமாகக் கூடித் தம் நிலங்களையே ஈடாக வைத்து மத்திய அரசின் கடனைப் பெற்றனர். 1911 இல் றூஸ்வெல்ற் அணை நிறைவெய்தியது. அணை நிறைவுறுமுன்னரே நீர் யாருக்கு என்னும் வழக்கு நீதிமன்றம் சென்றது. 1910 இல் நீதிபதி எட்வேட் கென்ற் அளித்த தீர்ப்பு பள்ளத்தாக்கின் நிலங்களைத் துண்டு துண்டாக ஆராய்ந்து, ஒவ்வொன்றும் எந்த ஆண்டில் முதலிற் பயிரிடப்பட்டது என்பதைக் கொண்டு முன்னுரிமை வரிசை ஒன்றை வகுத்தது. முந்திப் பயிரிட்டவனுக்கு முந்திய உரிமை என்பது அதன் கொள்கை.

இக்கொள்கை நேரியதா என்பது வேறு வினா. அக்கொள்கையை உண்மையாகவே கடைப்பிடித்திருந்தால் அயலிலுள்ள ஹீலா ஆற்றங்கரையிற் பன்னெடுங்காலம் வேளாண்மை செய்த அக்கிமெல் ஓ'ஓதம் பழங்குடியினரே வரிசையின் முதலில் நின்றிருப்பர். அவர்களுடைய நீரோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே மேலாற்றுக் குடியேறிகளால் திருப்பப்பட்டுவிட்டது. 2004 இல் நிறைவேறிய ஒரு சட்டத்தின் மூலமே அவர்களது உரிமைக்குப் பெருமளவில் ஈடு காணப்பட்டது. அங்ஙனமாயினும் கென்ற் தீர்ப்பிலே ஒரு சிறப்பு உளது. அது வரிசையை எழுத்தில் வைத்தது. எழுத்தில் இருந்தமையால் அதனை எவரும் வாசிக்க முடிந்தது. வாசித்தவர் மறுக்கவும் முடிந்தது. தேக்குவதற்கு முன்னரே பங்கீட்டு முறையைப் பகிரங்கமாக விசாரித்த அந்த ஒழுங்கே இங்கு கவனிக்கற்பாலது.

நூறாண்டு கழிந்து அதே பள்ளத்தாக்கில் மின்சாரம் தேக்கப்படுகின்றபோது அத்தகைய தீர்ப்பு எதுவும் இல்லை. அணையைக் கட்டிய சங்கத்தின் வழிவந்த சோல்ற் றிவர் புரொஜெக்ற் என்னும் நிறுவனமே இன்று மாநகரின் பெரும் மின் வழங்குநர்களில் ஒன்றாகும். 2024 இல் பீனிக்ஸின் மேற்குப் புறத்தே, அந்நிறுவனத்துக்கு மின் வழங்கும் பொருட்டு, 260 மெகாவாற்று சூரிய மின்னிலையமும் அதனோடிணைந்த ஏறத்தாழ 1,000 மெகாவாற்று-மணிச் சேமிப்பும் இயங்கத் தொடங்கின. மேசா நகரிலுள்ள கூகிள் நிறுவனத்தின் தரவு மையத் தேவையை ஈடுசெய்வதும் அத்திட்டத்துக்கான ஒப்பந்தங்களில் ஒரு பகுதி. இதிற் சட்டமீறல் எதுவுமில்லை. பெருங் கொள்வனவாளர் ஒருவர் முன்வந்திராவிடின் நிலையம் இத்துணை விரைவில் எழுந்திராது என்று வாதிடவும் இடமுண்டு. ஆயினும் ஒப்பந்தம் என்பதும் ஒரு முன்னுரிமை வரிசைதான். கென்ற் தீர்ப்பு ஆண்டுகளால் வரிசைப்படுத்தியதை ஒப்பந்தம் பணத்தினால் வரிசைப்படுத்துகின்றது. வேறுபாடு யாதெனின், பின்னையதை நகரத்தார் வாசிப்பதில்லை.

அந்நிறுவனத்தின் ஆட்சிமுறையும் இங்கு நோக்கத்தக்கது. அதன் பணிப்பாளர்களைத் தெரிவதில் நிலவுடைமையாளர் மட்டுமே வாக்களிக்க, பெரும்பாலான இடங்களுக்கு அவ்வாக்கின் நிறை நிலப்பரப்பின் அளவைப் பொறுத்தே அமைந்து வந்துள்ளது. ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் நெறிக்கு இது முரண் என்று தொடரப்பட்ட வழக்கில், 1981 இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையால் இம்முறை செல்லும் எனத் தீர்த்தது. நிறுவனத்தின் அடிப்படை நோக்கம் நீர் வழங்கலே, மின்சாரம் அதற்குத் துணையான தொழிலே என்பது பெரும்பான்மையோர் கருத்து. இலட்சக்கணக்கானோருக்கு மின்சாரம் விற்கும் அமைப்பை இவ்வாறு குறுக்கிப் பார்த்தல் பொருந்தாது என்பது மாறுபட்ட நால்வரின் கருத்து. பின்னையோர் கருத்தே காலத்தால் வலுப்பெற்றது என்று கூறுதல் தவறாகாது. வாடகை வீட்டில் வாழ்பவருக்கும், பிறர் நிலத்தில் நிறுத்திய நகர்வீட்டில் வாழ்பவருக்கும் தம் இரவைத் தீர்மானிக்கும் கலத்தின்மீது வாக்குரிமை இல்லை.

வரிசை எழுதப்படாதவிடத்து அது இல்லாமற் போவதில்லை, மறைவாக இயங்குகின்றது. இதற்குப் பாலைநகரமல்லாத வேறொரு நிகழ்ச்சி சான்றாகும். 2021 பெப்புருவரியில் ரெக்சாஸ் மாநிலம் கடுங் குளிரால் தாக்கப்பட்டபோது மின்சாரம் போதாமையால் சுழற்சி முறையில் வெட்டுவதெனத் தீர்மானிக்கப்பட்டது. வைத்தியசாலை முதலியன இணைந்திருந்த மின்கம்பி வழிகளை வெட்ட இயலவில்லை. எஞ்சியவை சுழற்சிக்குப் போதவில்லை. இதன் பயனாக ஒஸ்ரின் நகரின் மையத்தில் ஆளில்லாத அலுவலக மாடங்கள் ஒளிர, புறநகர் வீடுகள் நாட்கணக்கில் இருளிலும் குளிரிலும் கிடந்தன. ஆளற்ற மாடங்களுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று எவரும் தீர்மானித்ததில்லை. எவரும் தீர்மானிக்காமையே அங்கு தீர்மானமாயிற்று.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழக்கூடும். பாலைநிலத்தில் வாழ்வது அவரவர் தெரிவு. அத்தெரிவின் இடரைச் சமுதாயம் ஏன் சுமத்தல் வேண்டும் என்பது அம்மறுப்பு. இதற்கு விடை காணச் சேமிப்பின் பழைய வரலாற்றை நோக்குதல் பயன்தரும். ஈரானின் யாஸ்து நகரத்தார் தடித்த மண்சுவர்களாலும் காற்றுவாங்கும் கோபுரங்களாலும் பல நூற்றாண்டுகள் வெப்பத்தை வென்றனர். இரவின் குளிர்ச்சியைச் சுவர் உண்டு பகலில் உமிழ்ந்தது. அதுவும் ஒருவகைச் சேமிப்பே. ஆனால் அச்சேமிப்பு அவ்வவ் வீட்டின் சுவருக்குள்ளேயே இருந்தது, எவராலும் துண்டிக்க முடியாதது. பீனிக்ஸிலும் குளிரூட்டி பரவுமுன் மக்கள் திறந்த தாழ்வாரங்களில் நனைத்த துணிகளைத் தொங்கவிட்டு உறங்கினர். பின்னர் குளிரூட்டியை நம்பியே நகரம் விரிந்தது. மெல்லிய சுவர்களும் திறவாத சாளரங்களும் கொண்ட வீடுகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. விரிந்த வீதிகளும் கட்டடங்களும் இரவின் குளிர்ச்சியையும் அழித்தன. இன்று அங்கு பிறந்த ஒருவர் மின்சாரமின்றி வாழத் தெரிவு செய்ய முடியாது. தாழ்வாரத்தில் உறங்கலாம் என்றால் இரவு 32 பாகை. ஒருவன் பிறரைத் தன் வாக்கை நம்பச் செய்து, அவர்கள் தம் பழைய துணைகளைக் கைவிட்ட பின் அவ்வாக்கினின்றும் நழுவுவானாயின், அவன் கொடாமற் போனவன் மட்டுமல்லன், உள்ளதைப் பறித்தவனுமாவான். நம்பகமான மின்சாரம் என்னும் சொற்றொடரிலுள்ள நம்பகம் என்ற சொல்லைப் பொறியியலார் எண்ணாகக் கொள்வர். ஒழுக்கவியலில் அது கொடுத்த வாக்கைக் குறிக்கும்.

இவ்விரு பொருளும் எத்துணை விலகிச் செல்லக்கூடும் என்பதற்கு 2023 ஆம் ஆண்டே சாட்சி. அவ்வாண்டு மரிக்கோப்பா மாவட்டத்தில் வெப்பத்தினால் இறந்தோர் 645 பேர். அவ்வாண்டு மின்வலையமைப்பு தளரவில்லை. பெரும் மின்வெட்டு எதுவும் நிகழவில்லை. பொறியியற் பொருளில் நம்பகம் நிறைவாகவே இருந்தது. இறந்தோரில் ஏறத்தாழ பாதிப்பேர் வீடற்றோர். வீட்டினுள் இறந்தோரின் இல்லங்கள் பெரும்பாலானவற்றிலே குளிரூட்டி இருந்தது, அது இயங்கவில்லை. பழுதுபார்க்கப் பணமின்மை, கட்டண அச்சம், துண்டிப்பு எனக் காரணங்கள் பல. நகர்வீடுகளில் வாழ்வோர் தம் தொகைக்குப் பொருந்தாத அளவில் இறந்தனர். இலட்சக்கணக்கான வீடுகளின் சராசரியாக அளக்கப்படும் நம்பகத்தில் இந்த வீடுகள் தெரிவதில்லை. மின்வலையமைப்பே வீழ்ந்தால் என்னவாகும் என்பது வேறு: 2023 இல் வெளியான ஓர் ஆய்வின் கணிப்பின்படி, வெப்ப அலையின் நடுவே நகரளாவிய மின்வெட்டு நேருமாயின் பீனிக்ஸில் 12,000 க்கும் மேற்பட்டோர் இறக்கக்கூடும், மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அவசர சிகிச்சை தேவைப்படக்கூடும். இத்தகைய பேரழிவைத் தடுப்பதே சேமிப்பின் நியாயமாகக் கூறப்படுகின்றது. அந்நியாயம் உண்மையானது. ஆனால் வராத பேரழிவுக்கு அஞ்சிக் கட்டப்படும் கலம், வந்துகொண்டேயிருக்கும் சிற்றழிவுகளைக் காணாதிருத்தல் கூடும்.

2018 செப்ரெம்பரில் அரிசோனாவில் முதிய பெண்மணி ஒருவரின் மின்னிணைப்பு, கட்டண நிலுவையில் 51 டொலர் குறைந்தமையால் துண்டிக்கப்பட்டது. அன்று வெப்பநிலை 40 பாகைக்கு மேல். அவர் வீட்டினுள்ளேயே இறந்தார். செய்தி 2019 இல் வெளிவந்தபின் மாநிலத்தின் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கோடைக்காலத் துண்டிப்பைத் தடைசெய்தது; பின்னர் வகுக்கப்பட்ட விதிகளின்படி, தன் அதிகாரத்துக்குட்பட்ட நிறுவனங்கள் யூன் 1 முதல் ஒக்ரோபர் 15 வரையிலோ, வெப்பநிலை 35 பாகையைத் தாண்டும் என எதிர்வுகூறப்படும் நாட்களிலோ துண்டித்தலைத் தவிர்த்தல் வேண்டும். கடன் நீங்குவதில்லை; குளிர்காலத்துக்கு ஒத்திவைக்கப்படுகின்றது.

ஒரு வீட்டை மட்டும் தெரிந்து மின்சாரம் காத்து வழங்குதல் இயலாது, மின்கம்பி வழி முழுவதற்கும் ஒரே நியதிதான் என்பது பொறியியலார் கூறும் தடை. முன்னாளில் இது உண்மை. இன்றோ நவீன மின்மானிகளின் துணையால் ஓர் அலுவலகத்திலிருந்தபடியே எந்த ஒரு வீட்டையும் தனித்துத் துண்டிக்க முடிகின்றது. நிலுவைக்காரரைத் தனித்து அறியும் வல்லமை பெற்ற கருவி, நெருக்கடி வேளையில் நோயாளரைத் தனித்து அறிய வல்லமையற்றது என்பது ஏற்கத்தக்க வாதமன்று.

சேமிப்பு பெருகினால் பங்கீட்டு வினாவே மறையும் என்போரும் உளர். 2025 சனவரியில் அபுதாபி அறிவித்த திட்டம் அவர்களுக்கு ஊக்கமளிக்கும்: 5.2 கிகாவாற்று சூரிய மின்தகடுகளும் 19 கிகாவாற்று-மணிச் சேமிப்பும் இணைந்து பகலிரவு இடையறாமல் 1 கிகாவாற்று வழங்கும் என்பது திட்டம். நான்கு மணித்தியாலம் இங்கு பத்தொன்பது மணித்தியாலமாகின்றது. பெருஞ் சாதனைதான். எனினும் வழங்கப்படுவது நகரத்தின் முழுத் தேவையன்று, 1 கிகாவாற்று. தூசுப் புயல் தகடுகளை மூடும் நாட்களில் பத்தொன்பதும் முடிவுள்ள எண்ணே. பாத்திரம் பெரிதாவதால் அது அமுதசுரபி ஆவதில்லை. மேலும் 2023 இல் பீனிக்ஸில் இறந்தோர் எவரும் மாநகரில் மின்சாரம் போதாமையால் இறந்தவரல்லர் என்பதை மறத்தலாகாது.

இவற்றினும் நுண்ணியதொரு தீங்கு தனியார் வீட்டுச் சேமிப்பால் விளையக்கூடும். வசதியுடையோர் கூரையில் தகடுகளும் சுவரில் மின்கலவடுக்கும் பொருத்திக்கொள்கின்றனர். தனித்து நோக்கின் இது பாராட்டத்தக்க முன்னெச்சரிக்கை. அவர்தம் கலங்களை வலையமைப்புடன் இணைத்து மாலையில் அயலாருக்கு உதவச் செய்யும் ஏற்பாடுகளும் உள. ஆனால் மின்வெட்டு நேரும்போது நகரத்தின் செல்வாக்குடையோர் அதனை உணராதிருப்பாராயின், அதனைத் திருத்துமாறு குரலெழுப்புவோர் யார்? பொதுக் கிணறு தூர்ந்துபோவது பெரும்பாலும் பெரியவீட்டார் தத்தம் வளவிற் கிணறு வெட்டிக்கொண்ட பின்னர்தான்.

அங்ஙனமாயின் தேக்கியதை எந்நெறியாற் பங்கிடுவது? விலையே வரிசைப்படுத்தட்டும் என்பது ஒரு நெறி. அது தேவையைப் பற்றிப் பேசுவதில்லை. எல்லோருக்கும் சம நேர வெட்டு என்பது மற்றொன்று. நேர்மையாகத் தோன்றும் இதுவே பலரை மயக்கும் நெறி. 1979 இல் ஆற்றிய பேருரையொன்றில் அமர்த்தியா சென், எதிற் சமத்துவம் என வினவி, பொருளின் அளவிலன்றி அப்பொருளால் ஒருவருக்கு இயல்வதிலேயே கண் வைத்தல் வேண்டும் என வாதிட்டார். ஒரு மணித்தியால மின்வெட்டு தடித்த சுவருடைய வீட்டில் வாழும் இளைஞருக்குச் சிறு தொல்லை. தகர நகர்வீட்டில் வாழும் இதய நோயாளருக்கு அதுவே முடிவு. அளவிலே சமமான இவ்விரு மணித்தியாலங்களும் அவர்தம் வாழ்விலே சமமல்ல. ஆகவே உயிர்க்காப்புக்கு வேண்டிய குளிர்ச்சி எவ்வீட்டுக்கும் முதலில். அதற்கு மேற்பட்ட வசதிக்கும் வணிகத்துக்கும் பின்னரே விலையின் ஆட்சி என்னும் ஈரடுக்கு நெறியே ஏற்புடையதாகத் தோன்றுகின்றது. இது புதுமையானதுமன்று. பீனிக்ஸ் நகரச் சட்டம் குளிரூட்டி பொருத்திய வாடகை வீடுகளை ஏறத்தாழ 28 பாகைக்கு மேற்படாது வைத்திருக்கும் வல்லமையை உரிமையாளர் மீது கடமையாக்கியுள்ளது. வீட்டுக்காரரின் இயந்திரத்துக்கு விதித்த அக்கடமை, அவ்வியந்திரத்தை இயக்கும் மின்சாரத்துக்கு மட்டும் ஏன் விதிக்கப்படலாகாது?

இந்நெறியைக் கொள்வோர் அதன் எல்லையைப் பீனிக்ஸோடு நிறுத்தவும் இயலாது. கலங்களிலுள்ள இலிதியத்தின் ஒரு பங்கு உலகின் மிக வறண்ட நிலங்களுள் ஒன்றான சிலி நாட்டு அத்தக்காமாவிலிருந்து வருகின்றது. அங்கு நிலத்தடி உவர்நீர் இறைக்கப்பட்டுப் பரந்த தடாகங்களில் ஓராண்டுக்கும் மேலாக வெயிலில் உலர்த்தப்படுகின்றது. தம் நீர்நிலைகளுக்கு என்னவாகும் என்னும் அங்குள்ள பழங்குடியினரின் கேள்வி இன்னும் ஓயவில்லை. ஒரு பாலைநிலத்தின் இரவைக் குளிர்விக்க மற்றொரு பாலைநிலத்தின் நீர் ஆவியாகின்றது. ஹீலா ஆற்றங்கரையில் நிகழ்ந்தது நாடு கடந்து மீண்டும் நிகழாதிருக்கவேண்டுமாயின், முன்னுரிமை வரிசையில் அவர்களுடைய பெயரும் எழுதப்படுதல் வேண்டும்; நூறாண்டு கழித்து ஈடு செய்வதன்று.

மின்கலவடுக்குகளை இயக்குவோர் அவற்றை முற்றிலும் வெறுமையாக விடுவதில்லை. கலத்தின் நலம் கருதியும் எதிர்பாரா நெருக்கடி கருதியும் அடியில் ஒரு பங்கை ஒதுக்கிவைப்பர். அப்பங்கு எவ்வளவு, எந்த வெப்பநிலையில் எந்த இரவில் அது திறக்கப்படும், திறந்தால் எந்த உப மின்னிலையத்தின் வழியே எந்தத் தெருக்களுக்குச் செல்லும் என்பன இன்று இயக்குநர் கையேடுகளிலும் கொள்வனவு ஒப்பந்தங்களின் உறுப்புரைகளிலும் அடங்கியுள்ளன. உயிர்காக்கும் கருவிகளை வீட்டில் வைத்திருக்கும் நோயாளரின் பட்டியலும் மின் நிறுவனங்களிடம் உண்டு. ஆயினும் அப்பட்டியலிற் பெயர் பதிந்தவருக்கு முன்னறிவித்தலும் தவணையும் கிடைக்குமேயன்றி இடையறாத மின்சாரம் உறுதியளிக்கப்படுவதில்லை. அவ்வுறுப்புரைகளையும் இப்பட்டியலையும் ஒன்றாக வைத்து, 1910 இல் வயல் வயலாக நடந்த விசாரணையைப் போல வீடு வீடாக விசாரிக்கும் மன்றம் ஒன்று பீனிக்ஸில் இன்னும் கூடவில்லை.